முதல் சுற்றில் மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

கல்லூரிச் சேர்க்கையின் முதல் சுற்றுக்கு நவம்பர் முதல் தேதிக்குள் நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு டிசம்பர் நடுவில் பதில் வந்திருக்கிறது. இடம் இல்லை என்கிறது அந்தப் பதில். பொதுச் சுற்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பெரும்பாலான கல்லூரிகளில் ஜனவரி முதல் வாரம். இடையில் இருப்பது இரண்டு வாரம்தான். அடுத்த நான்கு ஆண்டுகளை எங்கே கழிப்பது என்ற பட்டியல், மனம் மிகவும் நொந்திருக்கும் இந்த இரண்டு வாரத்தில்தான் முடிவாகிறது. இந்த நாட்களில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. சிலர் 'இங்கேயே இல்லை என்றால் வேறெங்கும் இல்லை' என்று ஒடுங்கி, எட்டக்கூடிய நல்ல கல்லூரிகளைக்கூடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் 'விட்டதைப் பிடிக்க வேண்டும்' என்று அதே உயரத்தில் இருக்கும் பதினைந்து கல்லூரிகளுக்கு ஒரே மூச்சில் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டும் ஒரே பிழையிலிருந்து வருபவை. இரு தரப்பினரும் அந்தக் கடிதத்துக்கு அதன் தகுதிக்கு மீறிய எடையைக் கொடுத்துவிடுகிறார்கள். மிகக் கடினமான ஒரு கல்லூரி முதல் சுற்றில் மறுத்தது, உங்களைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மற்றக் கல்லூரிகளில் உங்கள் வாய்ப்பு நவம்பரில் என்னவோ, ஏறக்குறைய அதுவேதான் இன்றும். ஆனால் நவம்பரிலேயே அது எவ்வளவு இருந்தது என்பதை நேர்மையாகக் கணக்கிட்டோமா என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

முதலில் பெற்றோருக்கு. உங்களில் பலர் தமிழ்நாட்டில் கட்-ஆஃப், ரேங்க், கவுன்சிலிங் என்ற முறையில் கல்லூரிக்குப் போனவர்கள். அந்த முறையில் மதிப்பெண்ணுக்கும் இடத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தத் துறை எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்று பார்த்தால், இந்த வருடம் எங்கே கிடைக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அந்த முறையில் ஒரு கல்லூரி கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறோம். அதே கோட்டில் இருக்கும் இன்னொரு கல்லூரியும் கிடைக்காது. அமெரிக்காவின் தனியார் கல்லூரிகளில் அப்படி ஒரு கோடே கிடையாது. படிப்பில் தகுதி பெற்றவர்கள் இடங்களைவிடப் பல மடங்கு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குள் யாரை எடுப்பது என்பதை அந்தந்தக் கல்லூரியின் அந்த வருடத் தேவை தீர்மானிக்கிறது: எந்தத் துறைக்கு ஆள் வேண்டும், எந்த ஊர்களிலிருந்து வேண்டும், யார் எழுதிய கட்டுரை எந்த வாசகரின் கையில் போய்ச் சேர்ந்தது. எனவே 'என் பிள்ளைக்கு எங்கே குறைந்தது?' என்ற கேள்வி நீங்கள் வளர்ந்த முறையில் நியாயமானது. இங்கே அதற்குப் பல நேரங்களில் விடையே இல்லை. விடை இல்லாத கேள்வியைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்பது கொடுமை.

மறுப்பு எவ்வளவு சொல்கிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் விளங்கும். புரிதலுக்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு கல்லூரிக்கு இருநூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள். அதில் நூறு பேர் மிக வலுவானவர்கள், மற்ற நூறு பேர் அவர்களுக்குச் சற்றுக் கீழே. கல்லூரி மிகக் கடினமானது. வலுவான நூறு பேரில் இருபது பேரையும் மற்ற நூறில் ஐந்து பேரையும் மட்டுமே எடுக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் 175 பேர். அவர்களில் வலுவானவர்கள் 80 பேர், அதாவது 46 சதவீதம். கடிதம் வருவதற்கு முன் ஒருவர் வலுவான பிரிவில் இருக்கும் வாய்ப்பு 50 சதவீதமாக இருந்தது; மறுப்புக்குப் பிறகு 46. அதே மாதிரியான இன்னொரு கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டரையிலிருந்து பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. அவ்வளவுதான். இப்போது கல்லூரியை மாற்றிப் பாருங்கள். வலுவானவர்களில் எண்பது பேரையும் மற்றவர்களில் முப்பது பேரையும் எடுக்கும் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே மறுக்கப்பட்ட 90 பேரில் வலுவானவர்கள் இருபதே பேர். 50 சதவீதம் 22 ஆகிவிடுகிறது. அங்கிருந்து வரும் மறுப்பு உண்மையிலேயே ஒரு செய்தி. ஏறக்குறைய எல்லோரையும் மறுக்கும் ஸ்டான்ஃபோர்டின் கடிதமும், ஜார்ஜியா மாநில மாணவருக்கு ஜார்ஜியா டெக்கிலிருந்து வரும் கடிதமும் ஒரே சொற்களில் இருக்கலாம், எடை ஒன்றல்ல. ஜார்ஜியா டெக் தன் மாநில மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. அங்கே மறுக்கப்பட்ட மாநில மாணவர், கணினித் துறைக்கு அதைவிடக் கடினமான கல்லூரிகளை மட்டும் பட்டியலில் வைத்திருந்தால், உடனே உட்கார்ந்து பட்டியலைத் திருத்த வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மறுக்கப்பட்டவருக்கு அந்த அவசரத்தைக் கடிதம் தரவில்லை.

மறுப்புக்கும் டிஃபர் என்னும் ஒத்திவைப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் ஹார்வர்டுக்கு முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்கள் 7,921 பேர், எடுக்கப்பட்டவர்கள் 692. மீதிப் பேரில் மிகப் பெரும்பாலோர் ஒத்திவைக்கப்பட்டார்கள். நேரடியாக மறுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே மாதம் யேல் 7,856 பேரில் 709 பேரை எடுத்துக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்கினரை மட்டும் ஒத்திவைத்துவிட்டு, மற்றவர்களுக்கு அப்போதே முடிவைச் சொல்லிவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் ஒத்திவைப்பதில் சிக்கனமானது. ஆகவே ஹார்வர்டில் ஒத்திவைக்கப்பட்டவர் யேலில் மறுக்கப்பட்டவரைவிட மேலானவர் என்று எண்ண ஆதாரம் இல்லை. அவை இரண்டு நிறுவனங்களின் பழக்கங்கள். ஹார்வர்டில் நேரடியாக மறுக்கப்பட்ட அந்தச் சிறு பகுதியினர் மட்டும் இதைக் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் விண்ணப்பத்தில் எளிதில் சரிசெய்யக்கூடிய குறை ஏதும் இருக்கிறதா என்று பள்ளி கவுன்சிலரிடம் திறந்த மனத்தோடு கேளுங்கள். மறுத்த கல்லூரிக்கு அதே ஆண்டு பொதுச் சுற்றில் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அந்தக் கதவை மனதளவிலும் சாத்திவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆறுதலான பகுதி இதோடு முடிகிறது. வாய்ப்பு அதிகம் குறையவில்லை என்று சொன்னேன். அது பெரிதாக இருந்தது என்று சொல்லவில்லை. மேலே சொன்ன அதே சேர்க்கை ஆண்டில் (2023–24) ஹார்வர்டுக்கு மொத்தம் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேர் இடம் பெற்றார்கள். முதல் சுற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பொதுச் சுற்றில் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அந்த எண்ணும் உங்களுடையது அல்ல. சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்டின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த விவரங்களின்படி, விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புடையவர்கள், ஆசிரியர், ஊழியர்களின் பிள்ளைகள் ஆகியோர் விண்ணப்பதாரர்களில் ஐந்து சதவீத அளவே. இடம் பெற்றவர்களில் அவர்கள் முப்பது சதவீத அளவு. இவர்களைக் கழித்துவிட்டால் மற்றவர்களின் வாய்ப்பு வெளியிடப்படும் சராசரியைவிடக் கால் பங்கு குறைகிறது. முதல் தலைமுறையாக இந்த நாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சலுகைகளில் பெரும்பாலும் எதுவும் கிடையாது. பொதுப் பல்கலைக்கழகங்களில் கணக்கு வேறு வகையில் மாறுகிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் முதலாண்டு இடங்களில் 82 சதவீதம் மாநில மாணவர்களுக்கு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் பள்ளியின் உச்சத்தில் இருக்கும் மாநில மாணவரைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். 2026 இலையுதிர் காலம் முதல் அந்த வரம்பு 5 சதவீதம். ஆனால் அந்தச் சேர்க்கை பல்கலைக்கழகத்துக்குத்தான், கணினி அறிவியலுக்கு அல்ல. நம் வீடுகளில் பத்துக்கு ஆறேழு பிள்ளைகள் நிற்பது அந்த ஒரே துறையின் வாசலில் என்று தோன்றுகிறது. கல்லூரியின் சராசரியைப் பார்த்துவிட்டு அந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது தவறான எண்ணை நம்புவதாகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பல்லாண்டுகளாகக் காத்திருக்கும் குடும்பங்களில் பெற்றோரைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளைப் பல தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் எடுக்கின்றன. மத்திய அரசின் கல்வி உதவியும் அவர்களுக்குக் கிடையாது. வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையும் சேர்க்கையில் பார்க்கும் கல்லூரிகள்தான் அதிகம். இங்கேயே பள்ளி முழுவதும் படித்த பிள்ளைக்கு இது நேர்வது அநீதி. ஆனால் பட்டியல் போடும்போது அந்த அநீதியையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வாய்ப்பு இவ்வளவு சிறியது என்றால் நிறைய இடங்களுக்கு விண்ணப்பிப்பதுதானே புத்திசாலித்தனம்? ஐந்து சதவீதம் எடுக்கும் பத்துக் கல்லூரிகளுக்குப் போட்டால், எங்கும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 60 சதவீதம், எங்காவது ஒன்றில் கிடைக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெருக்கல் சரிதான், அதன் அடிப்படை சரியில்லை. பத்துக் கல்லூரிகளும் பார்ப்பது ஒரே மதிப்பெண், ஒரே பரிந்துரைக் கடிதம், ஒரே செயல்பாட்டுப் பட்டியல். ஐந்து சதவீதம் என்பது எல்லோரையும் கலந்த சராசரி. ஒருவரின் உண்மையான வாய்ப்பு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சதவீதம் என்றால், பத்து இடங்களுக்குப் போட்டாலும் எங்காவது கிடைக்கும் வாய்ப்பு 18 சதவீதம்தான். வேறொருவருக்கு ஒவ்வொரு இடத்திலும் 14 சதவீதம் என்றால் அது 78 ஆகிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சராசரி சொல்லாது. அதற்கு மேல், ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனிக் கட்டுரை கேட்கிறது. அரையாண்டுத் தேர்வுகளும் இருக்கும் நாட்களில் பதினைந்து கல்லூரிகளுக்கு எழுதும் கட்டுரைகள் ஒன்றின் நிழலாக ஒன்று ஆகிவிடுகின்றன. 'எங்கள் கல்லூரி ஏன்?' என்ற கேள்விக்குப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய விடையை வாசிப்பவர் உடனே கண்டுகொள்வார். ஆறு இடங்களுக்கு ஆழ்ந்து எழுதுவது பதினைந்து இடங்களுக்கு அவசரமாக எழுதுவதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. சாதாரண விண்ணப்பதாரர் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத் தளம் வழியே அனுப்புவதும் ஆறேழு விண்ணப்பங்கள்தான்.

'அந்த வீட்டுப் பையன் டிசம்பரில் மறுக்கப்பட்டு, மார்ச்சில் அதைவிடப் பெரிய இடத்தில் சேர்ந்தானே' என்று சொல்வார்கள். பொய்யில்லை, அப்படி ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. மேலே சொன்ன கணக்கின்படியே அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படி இடம் கிடைத்தவர்களின் செய்தி தமிழ்ச் சங்கக் கூட்டம் வரை வந்து சேர்கிறது, கிடைக்காதவர்கள் பேசுவதில்லை. காதில் விழும் கதைகளை எண்ணி வாய்ப்பை மதிப்பிட்டால் அது எப்போதும் உயரமாகவே தெரியும். இன்னொரு பேச்சும் உண்டு: நம் பிள்ளைகள் ஆசியர் என்பதால்தான் மறுக்கப்படுகிறார்கள், ஆகவே எந்தக் கணக்கும் வீண் என்பது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்த ஆண்டு சேர்ந்த வகுப்பில் எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40 சதவீதத்திலிருந்து 47 ஆக உயர்ந்தது. யேலில் 30-லிருந்து 24 ஆகக் குறைந்தது. ஹார்வர்டில் 37 சதவீதமாக அப்படியே நின்றது. பழைய முறையில் அநீதி இருந்ததா என்பது பெரிய விவாதம், அதில் இரு தரப்பிலும் கனமான வாதங்கள் உண்டு. ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஒரு கடிதத்தை விளக்க அந்த எண்கள் எந்தத் திசையிலும் உதவவில்லை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறு. மிகக் கடினமான அந்தக் கல்லூரிகளின் பெயர் வாழ்நாள் முழுவதும் கூட வருமே, அதை எப்படி விட்டுக்கொடுப்பது? இதற்கு நேர்மையான பதில் இரண்டு பகுதி கொண்டது. ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரியான பதில்களைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டது. அதிகக் கடினமான கல்லூரியில் படித்தவருக்கும் அதைவிட எளிய கல்லூரியைத் தேர்ந்தவருக்கும் பின்னாளைய சம்பளத்தில் பொதுவாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் கல்லூரி பயன் தந்தது. 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் வெளியிட்ட பெரிய ஆய்வும் சராசரிச் சம்பளத்தில் அதையே சொன்னது. ஆனால் நாட்டின் வருமான உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பையும், பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை பெறும் வாய்ப்பையும் அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட பன்னிரண்டு உச்சக் கல்லூரிகள் கணிசமாக உயர்த்துகின்றன என்றும் அது கண்டது. ஆகவே 'எங்கே படித்தாலும் ஒன்றுதான்' என்று நான் சொல்ல மாட்டேன். பொறியாளராக, மருத்துவராக, ஆசிரியராக, ஆய்வாளராக நல்ல வாழ்க்கை வாழ அந்த வாசல் தேவையில்லை என்று மட்டும் தயங்காமல் சொல்கிறேன். பியூ ஆய்வு மையம் 2019-இல் நான்காண்டுக் கல்லூரிகள் 1,364-ஐப் பார்த்தது. பத்து சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவை 17 மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டன. நம் வீட்டுப் பேச்சில் அந்தப் பதினேழும் அவற்றின் அக்கம்பக்கமும் மட்டுமே கல்லூரிகள் என்றாகிவிட்டது. பிள்ளைகளின் மன உளைச்சலில் ஒரு பெரும் பங்கு அங்கிருந்து வருகிறது.

இந்த இரண்டு வாரத்தில் என்ன செய்யலாம்? ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அந்த ஆவணத்தின் 'சி' பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், அவர்களின் தேர்வு மதிப்பெண் எந்த வரம்பில் இருந்தது, முதல் சுற்று கட்டாயம் சேர வேண்டிய வகையாக இருந்தால் அதில் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கும். முதல் சுற்றின் எண்கள் கிடைத்தால் மொத்தத்திலிருந்து அவற்றைக் கழித்து, நீங்கள் எதிர்கொள்ளும் உண்மையான விகிதத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். அது பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால், உங்கள் மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அதை நம்பி நிற்கக்கூடிய இடமாக வைக்காதீர்கள். பட்டியலில் பாதிக்கு மேல், உங்களைப் போன்ற மதிப்பெண் உள்ளவர்களில் பாதிப் பேரையாவது எடுக்கும் கல்லூரிகளாக இருக்கட்டும். அவையும் நீங்கள் மனமாரச் சேரக்கூடிய இடங்களாக இருக்க வேண்டும். அங்கே எந்தப் பேராசிரியரிடம் படிக்கலாம், எந்த ஆய்வகம் இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குச் சமூகக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் நல்ல வழியும் உண்டு. நம் சமூகம் அதைத் தாழ்வாகப் பார்ப்பது வருந்தத்தக்கது.

இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் இரண்டாவது முன்சுற்றைப் பற்றி எச்சரிக்கையோடு சொல்கிறேன். சிகாகோ, வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, டஃப்ட்ஸ் போன்றவை ஜனவரித் தொடக்கத்தில் அப்படி விண்ணப்பிக்க இடம் தருகின்றன; முடிவு பிப்ரவரி நடுவில் வரும். கட்டாயம் சேருவேன் என்று கையெழுத்திட்டவருக்கு அங்கே வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் காயம் ஆறுவதற்காக அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது. டிசம்பர் மறுப்பு வராமல் இருந்திருந்தாலும் அந்தக் கல்லூரியை உங்கள் முதல் மூன்றுக்குள் வைத்திருப்பீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் போடலாம். அடுத்தது பணம். இடம் கிடைத்தால் மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை அந்தக் கையெழுத்தோடு விட்டுக்கொடுக்கிறீர்கள். கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நிகரச் செலவைக் காட்டும் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். குடும்ப வருமானத்தை அதில் இட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தோராயமாகச் சொல்லும். எச்-4 குடும்பங்கள் மட்டும் அந்த எண்ணை நம்பாமல் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பெற்றோர்களே, அந்த எண் உங்களால் முடியாதது என்றால் அதை ஏப்ரலில் சொல்லாதீர்கள். ஜனவரிக்கு முன்பே, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, திரையில் அந்த எண்ணைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்